உப்புக் கரித்த கற்கள்

குளிர்காலத்தில் பகல் என்பது யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே சாத்திக்கொண்டதுபோல் வந்து போகும் சுவீடன் தேசத்தில் மோலா என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ரை தானியமும் உருளைக்கிழங்கும் விதைத்துக் கற்களை அறுவடை செய்தார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் பனி பூமிக்குள் இறங்கி அடியில் கிடக்கும் கற்களை முட்டி மேலே தள்ளும், ஒவ்வொரு வசந்தத்திலும் அவை மண்ணை உடைத்துக்கொண்டு தலைநீட்டும், ஊரார் அவற்றைப் பொறுக்கி வரப்போரம் சுவராக அடுக்குவார்கள், சுவர் வளர வளர வயல் குறுகும், வயல் குறுகக் குறுகப் பசி வளரும்.

அந்த ஊரில் யோனாஸ் மாக்னுசன் என்ற பெரிய பண்ணைக்காரர் வீட்டில் பிரீத்தா வேலைக்காரியாக இருந்தாள். தாய் தகப்பன் கிடையாது. வாளியைத் தரையில் உரசாமல் தூக்கும் உயரம் வந்ததுமே திருச்சபை அவளைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டது. பால் கறப்பது, வெண்ணெய் கடைவது, யோனாஸின் மனைவி லோவிசாவிடம் திட்டு வாங்குவது எல்லாம் இருந்தாலும், அவளுடைய முதன்மையான வேலை கல் பொறுக்குவது. அந்தப் பண்ணையின் கற்கள் யோனாஸின் பாட்டன் பெயரால் அறியப்பட்டன என்றாலும் பாட்டனோ தகப்பனோ யோனாஸோ அவற்றைக் குனிந்து தொட்டதில்லை. பிரீத்தா தொட்டாள். தூக்கினாள். தூக்கும்போது திட்டினாள். வெறுமனே திட்டினால் ஆத்திரம் அடங்காதென்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் வைத்துத் திட்டினாள். நெற்றியில் வெள்ளைக் கோடு ஓடிய பெருங்கல் ஒன்று கிழட்டுப் பன்றி. உருண்டையாக இருந்தது பாதிரியார் தொப்பை. கூராக நீண்டிருந்தது லோவிசாவின் முழங்கை. இப்படிப் பெயர் வாங்கிய கற்கள் மலைபோல் குவிந்தன.

பிறகு ஒரு வருஷம் மழை நிற்காமல் பெய்து பயிர் அழுகியது, மறுவருஷம் மழை எட்டிப் பார்க்காமல் பயிர் கருகியது, அதற்கு மறுவருஷம் ஊரார் மரப்பட்டையை அரைத்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவுக்கு ஆள் சேர்க்கும் ஒருவன் வந்து, அங்கே மின்னசோட்டா என்ற சீமையில் கடல்போலப் புல்வெளி விரிந்து கிடக்கிறது, கேட்டவனுக்கு அரசாங்கம் நிலம் தருகிறது, முழங்கை ஆழம் கருப்பு மண், அதில் ஒரு கல்கூடக் கிடையாது என்றான். நிலம் இலவசம் என்றபோது சந்தேகத்தோடு தாடியைத் தடவிக்கொண்டிருந்தவர்கள், கல் கிடையாது என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்கள். யோனாஸ் பண்ணையை விற்றார். ஊரில் பாதி அவர் பின்னால் கப்பல் ஏறியது. பெட்டி படுக்கையோடு பிரீத்தாவும் ஏற்றப்பட்டாள்.

சொன்னவன் பொய் சொல்லவில்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழிக்கு அந்தச் சீமையில்தான் உண்மையான பொருள் விளங்கிற்று. முதல் நாள் ஏர் பூட்டிய யோனாஸ் காலையிலிருந்து மாலைவரை ஒரு முறைகூட ‘கடக்’ என்ற சத்தம் கேட்காமல் உழுது முடித்து, கலப்பையைக் கட்டிக்கொண்டு அழுதார். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். ஊருக்குப் புது மோலா என்று பெயர் வைத்தார்கள். அந்த நிலத்தை அரசாங்கம் காலி நிலம் என்று அச்சடித்து வைத்திருந்தது. சில கோடைகளுக்கு முன்புதான் அங்கே குடியிருந்த டகோட்டா மக்களைச் சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள் என்பதால் அச்சடித்ததும் ஒரு விதத்தில் சரிதான்.

கல்யாணம் ஆகாத பெண்ணும் நிலம் கேட்கலாம், ஐந்து வருஷம் அதில் குடியிருந்து பயிர் செய்ததாக அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொன்னால் பட்டா அவள் பெயருக்கே வரும் என்று சட்டத்தில் இருப்பதைப் பிரீத்தா எப்படியோ தெரிந்துகொண்டாள். ஊர் எல்லையில் ஒரு குன்றும் அதன் சரிவுமாகக் கிடந்த பங்கைக் கேட்டு வாங்கினாள். கன்றுக்குட்டி கட்டை அவிழ்த்துக்கொண்டு போனதுபோல லோவிசாவுக்கு இருந்தது. ஆனாலும் பிரீத்தாவுக்கு விதைக்குக் காசு வேண்டியிருந்ததால், பகலில் யோனாஸின் வீட்டில் வேலை செய்துவிட்டு மாலையில் குன்றுக்குத் திரும்பித் தன் மண்ணைக் கொத்தினாள்.

மூன்றாம் வசந்தத்தில் முதல் கல் வந்தது.

யோனாஸின் கிணற்றடியில், முந்தின நாள் வெறும் புல் இருந்த இடத்தில், மாட்டுத் தொட்டி அளவுக்கு ஒரு பெருங்கல் ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது. அதன் இடுக்குகளில் கடற்பாசி தொங்கியது, ஒரு பக்கம் சிப்பிகள் ஒட்டியிருந்தன. யோனாஸ் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. நெற்றியில் ஓடிய வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அவருக்கு ஆளே தெரிந்துவிட்டது.

“எங்க தாத்தாவோட கலப்பையை உடைச்ச கல்,” என்றார் மெதுவாக. “கடலைத் தாண்டி வந்திருக்கு.”

பால் வாளியோடு பின்னால் நின்ற பிரீத்தாவுக்கும் கிழட்டுப் பன்றியை அடையாளம் தெரிந்தது. முதுகு பழைய இடத்தில் வலித்தது.

அதன்பிறகு கற்கள் வந்தவண்ணம் இருந்தன. அவை நகர்வதை யாரும் பார்த்ததில்லை. காலையில் எழுந்தால் வயலில் இருக்கும், அவ்வளவுதான். எந்தக் கல்லைவிட்டு ஓடிவந்தார்களோ அந்தக் கல் வந்து நிற்பதைக் கண்டு ஊரார் தலையில் கைவைத்துக்கொள்வார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அவர்களும் முதல் வாரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஹெட்பெர்க், வேதத்தில் கல் என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு போய், இத்தனை கடலும் மலையும் தாண்டி ஒரு மக்களைத் தேடி அவர்களுடைய கற்கள் வருகின்றன என்றால் அந்த மக்கள் எப்பேர்ப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டார். அதுவரை யாரும் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எல்லோருடைய முதுகும் நிமிர்ந்திருந்தது.

அன்று முதல் புது மோலாவில் விசாரிப்பே மாறிவிட்டது. சௌக்கியமா என்பதற்கு முன்னால், “கல் வந்துதா?” என்றார்கள். கல் வந்தவர்கள் அதை வாசலில் போட்டு எண்ணெய் தடவி வைத்தார்கள். வராதவர்கள், எங்களுடையவை கனமானவை, மெதுவாகத்தான் வரும் என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கொல்லைப்புறம் போய்க் கற்களைப் பார்த்துவிட்டு வந்துதான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியேறியிருந்த நார்வேக்காரர்கள் பொறாமையில் வெந்து, எங்கள் ஊரில் கல் கிடையாது, மலைதான், மலை புறப்படுவதற்கு நேரம் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டு கிழக்கே பார்த்தபடி இருந்தார்கள். மாடுகள் உப்புக்காகக் கற்களை நக்கி நக்கிக் கொழுத்தன. புது மோலாவின் வெண்ணெய்க்குத் தனியாக உப்புப் போட வேண்டியிருக்கவில்லை. ஒரு தையல்காரர் மட்டும் வெட்கம் தாங்காமல் ஆற்றுப் படுகையிலிருந்து வண்டி நிறையக் கல் கொண்டுவந்து தன் வயலில் இறக்கி, ஈரத்துணியால் துடைத்து வைத்தார். திருச்சபை மூப்பர்கள் வரிசையாகப் போய் முழங்காலிட்டு அவற்றை நக்கிப் பார்த்தார்கள். கரிக்கவில்லை. தையல்காரர் குடும்பத்தோடு நார்வேக்காரர் பக்கம் போய்விட்டார்.

எல்லோரையும்விட அதிகக் கல் யோனாஸுக்கு வந்தது. அவருடைய கருப்பு மண் வயல் முழுக்கக் கல் நின்றது, கோதுமை பாதியாகக் குறைந்தது, மரியாதை இரண்டு பங்காயிற்று. ஆராதனையில் முன்வரிசை அவருக்கு. அதற்கடுத்து கற்களின் எண்ணிக்கைப்படி மற்றவர்கள். கல்லே இல்லாத பிரீத்தா கதவோரம் குடைகளோடு உட்கார்ந்தாள்.

மண்கட்டியால் கட்டிய ஆராதனைக் கூடம் இனிப் பொருந்தாது, வந்த கற்களைக் கொண்டே கோவில் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. கோவிலுக்கு உயரமான இடம் வேண்டும். புது மோலாவில் உயரமான இடம் ஒன்றுதான் இருந்தது, அது பிரீத்தாவின் குன்று.

பாதிரியாரும் யோனாஸும் சேர்ந்தே அவள் வீட்டுக்கு வந்தார்கள். பிரீத்தா ஆளுக்கொரு குவளை மோர் கொடுத்தாள்.

“பிரீத்தா, உன் கல் இன்னும் வரலியாமே,” என்றார் பாதிரியார், நோயாளியை விசாரிக்கும் குரலில்.

“வரல, பாதிரியார் ஐயா.”

“ஒண்ணுகூடவா?”

“எனக்கு அங்கே நிலமே இல்லையே ஐயா. நிலம் இருந்தாத்தானே கல் இருக்கும்.”

“அதைத்தான் நாங்களும் சொல்றோம்,” என்றார் யோனாஸ். “தேடி வர ஒரு கல்லுகூட இல்லாதவங்க இந்த மண்ணுல எப்படி வேர் விடுவாங்க? உனக்குக் கெடுதல் நினைக்கல. குன்றைத் திருச்சபைக்கு விட்டுட்டு நம்ம வீட்டுக்கே வந்துடு. அடுப்புப் பக்கத்து அறையைத் தரச் சொல்லி லோவிசாகிட்ட சொல்லிட்டேன்.”

“அஞ்சு வருஷம் குடியிருந்தா நிலம் எனக்குன்னு சட்டம் இருக்கு. இந்த இலையுதிர் காலத்தோட அஞ்சு வருஷம் முடியுது.”

“குடியிருந்தான்னு அக்கம்பக்கத்தார் ரெண்டு பேர் சாட்சி சொல்லணும்னும் அதே சட்டத்துல இருக்கு,” என்றார் யோனாஸ். “உனக்கு அக்கம் நான். பக்கம் பாதிரியார்.”

பிரீத்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “யோசிச்சுச் சொல்றேன், யோனாஸ்,” என்றாள்.

பண்ணைக்கு வந்த நாளிலிருந்து அவரை அவள் எசமான் என்று மட்டுமே கூப்பிட்டிருந்தாள். பாதிரியாரின் குவளை உதட்டருகே அப்படியே நின்றது. யோனாஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அது முன்பின் மாறி இருப்பதைக்கூடக் கவனிக்காமல் நடந்தார்.

மறுநாள் முதல் பிரீத்தா யோனாஸின் வீட்டு வேலைக்குப் போகவில்லை.

குன்றின் சரிவில் ஹாபான் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். ஹாபான் டகோட்டாக்காரி, துரத்தப்பட்டவர்களில் சிலர் இரண்டு பேர் மூன்று பேராகச் சத்தமில்லாமல் திரும்பி வந்து ஆற்றோர மரங்களுக்குள் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தி. ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சரிவில் விளையும் காட்டுக் கிழங்கைத் தோண்ட வருவாள், தோண்டும் கோல் ஒன்று கையில் இருக்கும். அது தன் நிலம் என்று முதல் வருஷம் பிரீத்தா கையசைத்துச் சொன்னதற்கு ஹாபான் சிரித்தாள். பிரீத்தா அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இரண்டு பேருமே ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்றிருந்தார்கள். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பொய் சொல்வது கஷ்டம் என்பதால் அவர்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

பிரீத்தா நடந்ததைச் சொன்னாள். “அஞ்சு வருஷமா என்னை இங்கே பார்த்துக்கிட்டுதானே இருக்கே. நீ சாட்சி சொல்லலாமே.”

ஹாபான் கோலை ஊன்றி நிமிர்ந்தாள். “எங்க அம்மா என்னைப் பெத்தது இந்தக் குன்று மேலதான். அதுக்கே சாட்சி கிடையாது. உன் சாட்சிக்கு என்னைக் கூப்பிடறியா?”

பிரீத்தாவுக்கு முகம் சுட்டது. கொஞ்ச நேரம் அவளும் உட்கார்ந்து கிழங்கு தோண்டினாள்.

அந்த வாரக் கடைசியில் யோனாஸின் கிணற்றடி காலியாக இருந்தது. கிழட்டுப் பன்றி பிரீத்தாவின் வாசலில் நின்றது.

அடுத்தடுத்த நாட்களில் யோனாஸின் வயலிலிருந்த மற்றவையும் வந்து சேர்ந்தன. பாதிரியார் தொப்பை வந்தது, லோவிசாவின் முழங்கை வந்தது, பிரீத்தாவே மறந்துபோயிருந்த சின்னக் கற்களெல்லாம் கோழிகள்போல் கூட்டமாக வந்தன. யோனாஸ் எருது பூட்டி அவற்றை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அவை குன்றில் இருந்தன. சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார், சங்கிலியோடு வந்தன. சுமந்த கையைத் தேடித்தான் வருகின்றன என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிட்டது. அப்படி விளங்கியதை வெளியே சொல்வது மரியாதைக்குறைவு என்பதால் யாரும் சொல்லவில்லை. பாதிரியார் பிரசங்கத்தில், கற்கள் யோனாஸின் குடும்பத்தைத் தேடி வந்தது உண்மை, அந்தக் குடும்பம் என்பதில் அதன் பணியாளர்களும் அடக்கம் என்று வேதம் சொல்கிறது, ஆகவே கற்கள் இடம் மாறவே இல்லை என்று விளக்கினார். இருந்தாலும் அடுத்த ஞாயிறு பிரீத்தாவை முன்வரிசைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தார்கள். லோவிசா அவளுக்குத் தன் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தாள். இதுவரை திரும்பிப் பார்க்காத மூப்பர்கள், மனைவியை இழந்த தங்கள் தம்பிமாரைப் பற்றி அவள் காதில் விழும்படி பேசினார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிரீத்தாவின் மனம் வயலில் இருந்தது. அவளுடைய கோதுமை கதிர் பிடிக்கும் நேரம். அதன் மேல்தான் கற்கள் உட்கார்ந்திருந்தன. ஐந்து வருஷம் கையால் கொத்திப் பண்படுத்திய மண்ணில் கால் வைக்க இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் கிழட்டுப் பன்றியை ஒரு உதை உதைத்தாள், கால்தான் வீங்கியது. வலியில் அதன் மேலேயே உட்கார்ந்து, இத்தனை பெரிய கடலை எதற்குத் தாண்டினேன் என்று நினைத்து அழுதாள். அழுதுகொண்டிருந்தபோது இன்னொன்றும் தோன்றியது. அவள் பிறந்து இத்தனை வருஷத்தில் அவளைத் தேடி யாரும் ஒரு தெருவைக்கூடத் தாண்டி வந்ததில்லை. ஒரு கடிதம் வந்ததில்லை. தேடிப் பார்த்தால், அவளுக்காகக் கடல் தாண்டியவை இவை மட்டும்தான், அவள் வாயிலிருந்து வசவைத் தவிர வேறெதையும் கேட்டிராத இந்தச் சனியன்கள். உட்கார்ந்த இடம் வெயிலில் காய்ந்து, மாட்டின் முதுகுபோல இளஞ்சூடாக இருந்தது. அதற்காக அவளால் மறுபடியும் கல் தின்று வாழ முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக யோனாஸின் வீட்டுக்கு நடந்தாள்.

யோனாஸ் தன் வயலின் நடுவில் நின்றிருந்தார். ஒரு கல்கூட இல்லாத, கருகருவென்று மினுங்கும் மண். முதல் நாள் ஏர் பூட்டியபோது அவரை அழவைத்த அதே மண். இப்போதும் கிட்டத்தட்ட அழும் நிலையில்தான் இருந்தார்.

“ஊர்ல என்னை ஒரு மாதிரி பார்க்கிறாங்க, பிரீத்தா,” என்றார்.

“உங்க தாத்தா கல்லெல்லாம் உங்களுக்கே திரும்பக் கிடைக்க ஒரு வழி இருக்கு,” என்றாள் பிரீத்தா. “குன்றையும் கல்லையும் நீங்க எடுத்துக்குங்க. கோவில் கட்டுங்க. வாசல்ல உங்க பேரைப் பொறிங்க. இந்த வயலை எனக்குக் கொடுத்துடுங்க.”

“இந்த வெறும் வயலையா?” யோனாஸுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

“வெறும் வயல்தான். ரெண்டு விஷயம். முதல்ல நீங்களும் பாதிரியாரும் போய் எனக்குச் சாட்சி சொல்லணும், பட்டா வந்த பிறகுதான் மாத்திக்கிறது. இன்னொண்ணு, கோவிலைச் சுண்ணாம்புச் சாந்து வச்சு இறுக்கிக் கட்டணும். ஒரு கல்லுகூட வெளியில மிஞ்சக் கூடாது.”

பாவம், கல் பொறுக்கிப் பொறுக்கி இவளுக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று யோனாஸ் அன்று இரவு லோவிசாவிடம் சொன்னார். அறுப்பு முடிந்ததும் நில அலுவலகத்தில், பிரீத்தா ஐந்து வருஷமும் அந்தக் குன்றில் இடைவிடாமல் குடியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பாதிரியார் சத்தியம் செய்தார். அவள் கதவோரம் குடைகளோடு உட்கார்ந்திருந்ததையும் ஒரு நாள் மோர் கொடுத்ததையும் தவிர அவர் பெரிதாக எதையும் பார்த்ததில்லை என்றாலும் அந்தச் சத்தியம் உண்மையாகத்தான் இருந்தது.

கோவில் எழுந்தது. கொத்தனார்கள் கல்லைத் தூக்கத் திணறியபோதெல்லாம் ஒரு கை கொடு என்று பிரீத்தாவைக் கூப்பிட்டார்கள். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்திலேயே நின்றாள். மற்ற குடும்பங்களும் தங்கள் கற்களைக் கொடுத்தன என்றாலும் சுவரில் பெரும்பாலும் பிரீத்தாவின் கற்கள்தான். கூரையும் மணியும் ஏறிய நாளில் வாசல் மேல் யோனாஸின் பெயர் பொறிக்கப்பட்டது. நார்வேக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, மலை இல்லாத குறைதான் என்றார்கள். பிரீத்தா தன் புது வயலில் ஏர் பூட்டினாள். காலையிலிருந்து மாலைவரை ‘கடக்’ என்ற சத்தமே கேட்கவில்லை. அந்த வருஷம் ஊரிலேயே அதிகக் கோதுமை அவளுக்குத்தான் விளைந்தது. கல்லில்லாத பெண் என்று மறுபடியும் கதவோரம் அனுப்பினார்கள். அவள் அதற்கப்புறம் கோவிலுக்கே போகவில்லை.

அடுத்த வசந்தத்தில் கோவில் குன்றின் உச்சியில் இல்லை, சரிவில் இருந்தது. வாசல் பிரீத்தாவின் வயலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கல் கடல் தாண்டி வந்ததை ஒரே வாரத்தில் ஒத்துக்கொண்ட புது மோலா, கோவில் நகர்ந்ததை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கல் வந்தது அவர்களைத் தேடி. கோவில் யாரைத் தேடிப் போகிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கோவில் குன்றின் மேல்தான் இருக்கிறது என்று மூப்பர்கள் கூடித் தீர்மானித்தார்கள். வழி நீண்டுபோனதுபோல் தெரிவதற்குக் காரணம் வயசு என்றார்கள். மேட்டுக்கு ஏறாமல் பள்ளத்தில் இறங்கிக் கோவிலுக்குப் போய்க்கொண்டே, மூச்சு வாங்குவதுபோல் நின்று நின்று நடந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் கோவில் இன்னும் கொஞ்சம் இறங்கியது, சரிவைக் கடந்தது, புல்வெளிப் பாதைக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் மக்கள் அது குன்றின் மேல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு அது இருந்த இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள்.

வெறுமையாகிவிட்ட குன்றின் உச்சியில் ஹாபான் தன் அக்காவோடும் அக்கா பிள்ளைகளோடும் கூடாரம் போட்டாள். செய்தி கேட்டு யோனாஸும் மூப்பர்களும் ஏறி வந்தார்கள், இந்த முறை உண்மையாகவே மூச்சு வாங்கியது.

“யாரைக் கேட்டு இங்கே வந்தீங்க?” என்றார் யோனாஸ். “எங்க கல் கடலைத் தாண்டி வந்த கல். உங்க கல் எங்கே?”

கிழங்குகளைச் சடைபோல் பின்னிக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஹாபான் திரும்பினாள். “நாங்க கல்லைத் தூக்கவே இல்லை,” என்றாள். “கிடந்த இடத்துலேயே விட்டுட்டோம்.”

மூப்பர்களுக்கு அது சரியாகப் புரியவில்லை. சிப்பாய்களை வரவழைத்துக் காலி செய்யச் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். எங்கிருந்து காலி செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அங்கேதான் சிக்கல். குன்றின் மேல் இருப்பது கோவில் என்று அவர்களே தீர்மானம் போட்டிருந்தார்கள். அப்படியானால் ஹாபான் உட்கார்ந்திருப்பது கோவிலுக்குள். கோவிலுக்குள் இருப்பவர்களைச் சிப்பாயை விட்டு இழுத்துவருவது பாவம். அவள் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டுமானால் கோவில் அங்கே இல்லை என்று முதலில் சொல்லியாக வேண்டும். பல ஞாயிற்றுக்கிழமைகள் விவாதித்துவிட்டு, அதற்கு ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் இருந்தவர்கள் வயதானவர்கள். கூடாரம் இருந்த இடத்தில் அடுத்த கோடையில் இரண்டு கூடாரம் இருந்தது.

இப்படியாகச் சில வருஷங்கள் போன பிறகு ஒரு கோடைகால ஞாயிறு முற்பகலில், பிரீத்தா ஒரு பெரிய கெண்டியில் காபி போட்டுத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு ஹாபானைப் பார்க்கக் குன்றுக்குக் கிளம்பினாள். இரண்டு பக்கமும் கோதுமை விளைந்து நின்ற பாதையின் நடுவே, அவள் வேலியிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், கோவில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. எதிரே பசு வந்தால் ஒதுங்குவதுபோல அவள் கோதுமைக்குள் ஒதுங்கி, சுவர் மேல் கை படாமல், அதைக் கடந்து போனாள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பெரிய உடம்புக்காரர் கட்டிலில் புரண்டு படுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பகலில், கண்ணெதிரே, கோவில் மெள்ள வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்துச் சன்னல்களில் இருந்த வெயில் இடப்பக்கத்துச் சன்னல்களுக்கு மாறியது. சன்னல் வழியே முன்வரிசை தெரிந்தது. யோனாஸின் முகத்தில் வெயில் ஏறியது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். லோவிசா தொப்பியின் விளிம்பை இறக்கிவிட்டாள். பாதிரியார் விழாமல் இருக்க மேடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல, எல்லோரும் எழுந்து பக்கத்தைப் புரட்டினார்கள்.

பிரீத்தா குன்றேறிப் போய்க் கெண்டியை இறக்கிவைத்தாள்.

“உன் பின்னாடி வருது,” என்றாள் ஹாபான், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தபடி.

“தெரியும்.”

“உள்ளே இருக்கிறவங்க இறங்கினா இந்தக் காபி போதாதே.”

“இறங்க மாட்டாங்க,” என்றாள் பிரீத்தா. “இறங்கணும்னா அது நகர்ந்துதுன்னு ஒத்துக்கணுமே.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு குவளையை எடுத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து பாட்டுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.